கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு டிஜிட்டலா அனலாகா, எந்த ஒயரை சொருகுறது?

புது ஸ்பீக்கர் வாங்கி பின்பக்கம் திருப்பிப் பார்த்தா யூஎஸ்பி இருக்கு, ஆப்டிக்கல் இருக்கு, பழைய 3.5 மில்லிமீட்டர் ஜாக்கும் இருக்கு, சிலதுல புளூடூத் வேற. இதுல எதை சொருகினா நல்லா கேக்கும்னு கேட்டா ஒரு கூட்டம் டிஜிட்டல்தான் சுத்தம், அனலாக் எல்லாம் அந்தக் காலம்னு சொல்லும், இன்னொரு கூட்டம் அனலாக்லதான் உயிர் இருக்குன்னு சொல்லும். ரெண்டு பேர் சொல்றதையும் வச்சு உங்க மேஜைல இருக்கிற உங்க ஸ்பீக்கருக்கு முடிவெடுக்க முடியாது. ஏன்னா எந்த ஒயர் போட்டாலும் முதல்ல பாட்டு டிஜிட்டல், கடைசில காதுக்கு வர்றது அனலாக்.

கம்ப்யூட்டருக்குள்ள பாட்டு வெறும் எண்களா இருக்கு. 1982ல வந்த சிடியோட கணக்கையே எடுத்துக்குங்க, ஒரு செகண்டுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டா (பிட்னா ஒரு ஒண்ணு இல்ல ஒரு சைபர்) எழுதி, லெஃப்ட் ரைட்டுன்னு ரெண்டு சேனலுக்கும் சேர்த்தா செகண்டுக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட். ஸ்பீக்கரோட கோனுக்கு, அதாவது முன்பக்கம் ஆடுற அந்தக் கூம்புக்கு, இந்த எண்ணெல்லாம் புரியாது, அதுக்கு வேண்டியது ஏறி இறங்குற மின்னழுத்தம், அதுக்கேத்த மாதிரி அது முன்னாடி பின்னாடி ஆடும், காத்து அதிரும், நமக்கு கேக்கும். அப்போ நடுவுல எங்கயாவது ஒரு இடத்துல எண்ணை மின்னழுத்தமா மாத்தியே ஆகணும். அந்த வேலைய செய்ற சிப்புக்குத்தான் டிஏசின்னு பேரு. 3.5 ஜாக்ல சொருகினா மாத்துற வேலை கம்ப்யூட்டருக்குள்ள நடக்குது, யூஎஸ்பிலயோ ஆப்டிக்கல்லயோ சொருகினா அதே வேலை ஸ்பீக்கருக்குள்ள நடக்குது. நீங்க தேர்ந்தெடுக்கிறது அந்த இடத்தைத்தான். அதனால "எந்த பெட்டிக்குள்ள இருக்கிற டிஏசி நல்லா, அமைதியா வேலை செய்யுது"ன்னு கேட்டுக்கிட்டா பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துடும்.

முதல்ல அனலாக். மதர்போர்டுல பின்னாடி வெளிர் பச்சை கலர்ல இருக்குமே, அந்த லைன் அவுட்தான் பெரும்பாலானவங்க போடுறது. இது மோசம்னு ஒரு பேச்சு ரொம்ப காலமா ஓடிட்டு இருக்கு, அது பழைய போர்டுகளைப் பார்த்து வந்த பேச்சு. இப்போ வர்ற போர்டுல இருக்கிற சவுண்ட் சிப் காகிதத்துல நல்ல நம்பரே காட்டும், சிப்பு பண்ற டிஸ்டார்ஷன், அதாவது சவுண்டை உருமாத்துறது, ஸ்பீக்கர் பண்ற டிஸ்டார்ஷனுக்கு பக்கத்துலயே வராது, சின்ன ஸ்பீக்கர் கீழ் பேஸ்ல சத்தமா ஓடும்போது டிஸ்டார்ஷன் ஒரு சதவீதத்தை சாதாரணமா தாண்டும், சாதாரண டிஏசிகூட அதுல நூத்துல ஒரு பங்குக்கும் கீழதான் நிக்கும். அதனால "டிஏசி மாத்தினா பேஸ் கூடும்"ங்கிற நம்பிக்கைல காசு செலவு பண்ணாதீங்க, அந்தக் காசை ஸ்பீக்கர்ல போடுங்க.

அனலாக்ல உண்மையான தலைவலி இரைச்சல்தான். கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள்ள பவர் சப்ளை, ப்ராசஸருக்கு கரண்ட் கொடுக்கிற ரெகுலேட்டர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாமே படபடன்னு ஆன் ஆஃப் ஆகிட்டே இருக்கிற சர்க்யூட்டுங்க, அதுக்கு நடுவுல சின்ன ஆடியோ சிக்னலை சுத்தமா வச்சிருக்கிறது கஷ்டம். மவுஸை நகர்த்தினா மெல்லிசா கீய்ய்ய்னு ஒரு சத்தம், பேஜ் ஸ்க்ரோல் பண்ணா க்ரக் க்ரக், கேம் ஓபன் பண்ணா விசில் மாதிரி ஒண்ணு, இதெல்லாம் அங்கிருந்து கசியுறதுதான். இதுல ஒரு சின்ன விஷயம் பலருக்கு தெரியாது, கேபினட்டோட முன்பக்கம் இருக்கிற ஜாக்குக்கு போற ஒயர் போர்டு மேலேயே நீளமா போய் வருது, போற வழில இருக்கிற எல்லா குப்பையையும் பொறுக்கிட்டு வரும். ஸ்பீக்கரை முன்னாடி சொருகி வச்சுட்டு இரைச்சல் வருதுன்னு புது சவுண்ட் கார்டு தேடுறதுக்கு முன்னாடி பின்பக்கம் மாத்தி சொருகிப் பாருங்க, நிறைய பேருக்கு அதுலயே முக்கால்வாசி போயிடும்.

இன்னொரு வகை இரைச்சல் இருக்கு, உம்ம்ம்னு விடாம கேக்கும், மவுஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காது. இது கிரவுண்ட் லூப். கம்ப்யூட்டர் ஒரு பிளக்ல எர்த் ஆகியிருக்கு, ஸ்பீக்கர் வேற பிளக்ல எர்த் ஆகியிருக்கு, நடுவுல ஆடியோ கேபிளோட வெளி ஷீல்டும் ரெண்டையும் இணைக்குது, அப்போ ஒரு முழு வளையம் உருவாகி அதுல கரண்ட் லேசா ஓட ஆரம்பிக்கும், அந்த கரண்ட் சிக்னலோட கலந்து 50 இல்ல 60 ஹெர்ட்ஸ் ஹம்மாவும், அதோட மடங்குகளாவும் வெளிய வரும். இதுக்கு முதல் வைத்தியம் ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகுறது. அதுல போகலைன்னா நடுவுல ஒரு சின்ன ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னே கேட்டா கிடைக்கும், ஆனா ரொம்ப மலிவானது பேஸை கொஞ்சம் தின்னுடும். இன்னொரு யோசனையும் சிலர் சொல்லுவாங்க, பிளக்கோட எர்த் பின்னை உடைச்சுடு இல்ல டேப் ஒட்டிடுன்னு. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யவே செய்யாதீங்க, உள்ள ஏதாவது பழுதாச்சுன்னா உங்க உயிரைக் காப்பாத்த இருக்கிற வழியே அந்த பின்தான், ஹம் சத்தத்துக்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இங்க ஒரு குழப்பத்தையும் சொல்லிடறேன், ஏன்னா கடைல "யூஎஸ்பி ஸ்பீக்கர்"னு சொல்லி விக்கிறதுல பாதி உண்மையில அனலாக் ஸ்பீக்கர். ஒயர்ல ரெண்டு முனை இருக்கும், ஒண்ணு யூஎஸ்பி, ஒண்ணு 3.5 பின். அந்த யூஎஸ்பி 5 வோல்ட் கரண்ட் எடுக்க மட்டும்தான், பாட்டு போறது அனலாக் பின் வழியா. கம்ப்யூட்டர்ல சவுண்ட் செட்டிங்ஸ் போய்ப் பாருங்க, யூஎஸ்பி சொருகினதும் புதுசா ஒரு அவுட்புட் டிவைஸ் லிஸ்ட்ல வந்தா அது உண்மையான டிஜிட்டல், ஒண்ணும் வரலைன்னா வெறும் பவர். இந்த ரெண்டு முனை வகைலதான் இரைச்சல் புகார் அதிகம் வருது, காரணம் கரண்டும் சிக்னலும் ஒரே கம்ப்யூட்டர்லேருந்து ரெண்டு வழியா வந்து ஸ்பீக்கருக்குள்ள சந்திக்குது, வளையம் அங்கேயே ரெடி. அந்த யூஎஸ்பி முனையை கழட்டி ஒரு போன் சார்ஜர்ல சொருகிட்டா பெரும்பாலும் சத்தம் அடங்கிடும்.

அனலாக்லயே இன்னொரு வகுப்பு பேலன்ஸ்டு. ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர்ல பின்னாடி மூணு பின் இருக்கிற எக்ஸ்எல்ஆர் இல்லைன்னா பெரிய 6.35 மில்லிமீட்டர் டிஆர்எஸ் ஓட்டை இருக்குமே, அதான். இதுல ஒரே சிக்னலை ரெண்டு கம்பில அனுப்புவாங்க, ஒண்ணுல நேரா, இன்னொண்ணுல தலைகீழா. வழில ஒட்டுற இரைச்சல் ரெண்டு கம்பிலயும் ஒரே மாதிரி ஒட்டும். கடைசில ஸ்பீக்கர் ஒண்ணுலேருந்து இன்னொண்ணை கழிக்கும், அப்போ இரைச்சல் தானா அடிபட்டுப்போகும், பாட்டு மட்டும் நிக்கும். ரொம்ப அழகான யோசனை, நீளமான கேபிள் இழுத்தாலும் சுத்தமா இருக்கிறதுக்கு இதான் காரணம். ஆனா கம்ப்யூட்டர்ல நேரடியா பேலன்ஸ்டு அவுட் கிடையாது, அதுக்கு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு பெட்டி வாங்கணும். 3.5 பின்லேருந்து ஒரு கன்வெர்ட்டர் ஒயர் போட்டு எக்ஸ்எல்ஆர்ல சொருகினா பாட்டு வரும், ஆனா அனுப்புற பக்கம் பேலன்ஸ்டு இல்லாததால அந்த கழிக்கிற பலன் முழுசா வராது.

இப்போ யூஎஸ்பி. நிஜமான யூஎஸ்பி ஆடியோ ஸ்பீக்கர்ல போறது எண்கள், வழில கொஞ்சம் மின் குப்பை இருந்தாலும் ஒண்ணு ஒண்ணாவும் சைபர் சைபராவும் போய்ச் சேர்ந்துடும். டிரைவர் பத்தியும் பெருசா கவலை இல்லை, யூஎஸ்பி ஆடியோ கிளாஸ்னு 1998லேயே பொது விதி வந்தாச்சு, லினக்ஸ் மேக் விண்டோஸ் எல்லாத்துலயும் சொருகினதும் வேலை செய்யும், ரெண்டாவது வெர்ஷனுக்கு மட்டும் விண்டோஸ் 2017 வரைக்கும் காக்க வச்சுது, அதுக்கு முன்னாடி கம்பெனி டிரைவர் போட வேண்டியிருந்துச்சு. நல்ல டிஏசிங்க அசின்க்ரனஸ் முறைல ஓடும், அதாவது எந்த வேகத்துல டேட்டா வேணும்னு தன்னோட கடிகாரத்தை வச்சு டிஏசியே கம்ப்யூட்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கும், அதனால ஜிட்டர் (டேட்டா வர்ற நேரம் லேசா முன்ன பின்ன ஆகுறது) ஜிட்டர்னு பயமுறுத்துற பேச்சை ஓரமா வச்சுடலாம்.

ஆனா யூஎஸ்பின்னா இரைச்சலே வராதுன்னு நம்பிடாதீங்க. பிட் சுத்தமா போகும், சரி, ஆனா அதே ஒயர்ல 5 வோல்ட் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் கூடவே போகுது, கம்ப்யூட்டரோட குப்பை அது வழியா ஸ்பீக்கரோட அனலாக் பகுதிக்குள்ள போய் உக்காரலாம். யூஎஸ்பி போட்ட பிறகும் மவுஸ் சத்தம் கேக்குதேன்னு தலைய பிச்சுக்கிறவங்களுக்கு நடக்கிறது இதான். ஸ்பீக்கர் தனி அடாப்டர்ல கரண்ட் எடுத்துட்டு யூஎஸ்பிய டேட்டாவுக்கு மட்டும் வச்சிருந்தா இந்தத் தொல்லை குறையும், ஆனா கிரவுண்ட் கம்பி அப்பவும் இணைஞ்சுதான் இருக்கும். இன்னொண்ணு, ஹப்புல பத்து சாமானோட சேர்த்து சொருகாம கம்ப்யூட்டர்லயே நேரா சொருகுங்க, கேபிளும் அஞ்சு மீட்டருக்குள்ள இருக்கட்டும், டக்கு டக்குனு அறுபட்டு அறுபட்டு பாட்டு வர்றதுக்கு பெரும்பாலும் காரணம் இந்த ரெண்டுதான்.

யூஎஸ்பி தெளிவா ஜெயிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அது உள்ள டிஎஸ்பி, அதாவது சவுண்டை எண்களாவே திருத்துற சிப், வச்ச ஸ்பீக்கர். இப்போ வர்ற ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது) நிறையவே சவுண்டை எண்களாவே வச்சு ட்வீட்டருக்கும் (மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) வூஃபருக்கும் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) பிரிக்குது, ஈக்யூ போட்டு பேஸ், ட்ரெபிளை கூட்டிக் குறைக்குது, ரூமுக்கு ஏத்த மாதிரி திருத்துது. அந்த மாதிரி ஸ்பீக்கருக்கு நீங்க அனலாக் ஒயர் போட்டா என்ன நடக்குது தெரியுமா, கம்ப்யூட்டர் எண்ணை மின்னழுத்தமா மாத்துது, ஸ்பீக்கர் அதை மறுபடி எண்ணா மாத்துது, வேலை முடிஞ்சதும் திரும்ப மின்னழுத்தமா மாத்துது. ஒவ்வொரு மாத்தமும் நல்லாதான் நடக்கும், காதுக்கு பெரிய வித்தியாசம் தெரியாமலும் போகலாம், ஆனா தேவையே இல்லாத ரெண்டு படி, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் ஹிஸ்னு இரைச்சல் சேரும், சிக்னல் பெருசா போனா உள்ள போற இடத்துலயே கிளிப் ஆகவும், அதாவது உச்சி வெட்டுப்பட்டு கிழியவும், வாய்ப்பு இருக்கு. பின்னாடி யூஎஸ்பியோ ஆப்டிக்கலோ இருக்கும்போது இந்த ஸ்பீக்கருக்கு அனலாக் போடுறதுல அர்த்தமே இல்லை. உங்க ஸ்பீக்கர் இந்த வகையான்னு ஸ்பெக் ஷீட்ல டிஎஸ்பிங்கிற வார்த்தை இருக்கான்னு பார்த்தா தெரிஞ்சுடும், ஆப் வச்சு ஈக்யூ மாத்துற ஸ்பீக்கர்னா கிட்டத்தட்ட நிச்சயம்.

ஆப்டிக்கலைப் பத்தி எனக்கு தனிப் பிரியமே உண்டு. டாஸ்லிங்க்னு 1983ல தோஷிபா கொண்டு வந்தது, செவப்பு லைட்டை பிளாஸ்டிக் ஃபைபர் வழியா மினுக்கி மினுக்கி பிட்டை அனுப்புது. கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு இழை உலோகம்கூட கிடையாது, அதனால அந்த ஒயர் வழியா கிரவுண்ட் லூப்புக்கு வழியே இல்லை, கேபினட் குப்பையும் அது வழியா தாண்டி வராது. எல்லா வைத்தியமும் பார்த்து ஹம் போகாதவங்களுக்கு இதான் முடிவான மருந்து. அஞ்சு மீட்டர் வரைக்கும் நிம்மதியா போகும், ஒயரை கூர்மையா மடக்க மட்டும் கூடாது, அப்புறம் புது கேபிளோட முனைல ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழட்டாம சொருகிட்டு சவுண்டே வரலைன்னு சொல்றவங்க நிறைய. தங்க முலாம் பூசின ஆப்டிக்கல் கேபிள்னு விக்கிறாங்க, லைட்டுக்கு தங்கத்தால ஒரு பிரயோஜனமும் இல்லை.

குறை என்னன்னா லேப்டாப்ல இந்த ஓட்டை அரிது, மதர்போர்டுலயும் எல்லாத்துலயும் கிடையாது. இன்னொரு பெரிய குறை 5.1 ஸ்பீக்கர் (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் சேர்ந்த ஆறு சேனல் செட்) வச்சிருக்கிறவங்களுக்கு. ஆப்டிக்கல் வழியா சுருக்காத சவுண்டு ரெண்டு சேனல்தான் போகும், ஆறு சேனல் வேணும்னா டால்பி டிஜிட்டல் இல்ல டிடிஎஸ்ஸா சுருக்கி அனுப்பணும். படத்துல ஏற்கனவே அப்படி சுருக்கின ட்ராக் இருக்கும், அப்படியே போயிடும். கேம்ல அப்படி இல்லை, அது அந்த நொடில ஆறு சேனலை உருவாக்குது, அதை உடனுக்குடன் சுருக்க டால்பி டிஜிட்டல் லைவ் மாதிரி ஒரு வசதி உங்க சவுண்ட் கார்டுல இருக்கணும், இல்லைன்னா ஆறு ஸ்பீக்கர் வச்சுக்கிட்டு ஸ்டீரியோதான் கேப்பீங்க. கேம் ஆடுறதுக்காக 5.1 செட் வச்சிருக்கிறவங்களுக்கு பச்சை, கருப்பு, ஆரஞ்சுன்னு மூணு 3.5 ஒயர் போடுற பழைய அனலாக் முறைதான் இன்னைக்கும் எந்த தகராறும் இல்லாம வேலை செய்யுது.

எச்டிஎம்ஐ வழியா மானிட்டருக்கு சவுண்டு போய், மானிட்டரோட பின்னாடி இருக்கிற ஹெட்போன் ஓட்டைலேருந்து ஸ்பீக்கருக்கு எடுக்கிறதும் ஒரு வழி, ஒயர் குறையும், ஆனா அங்க வேலை செய்றது மானிட்டருக்குள்ள இருக்கிற டிஏசி, அதுக்கு கம்பெனிக்காரங்க பெருசா செலவு பண்றதில்லை, மேக்ல சவுண்டு கூட்டுற குறைக்கிற கீயும் பொதுவா இதுக்கு வேலை செய்யாது. வேற வழி இல்லைன்னா போட்டுக்கலாம்.

புளூடூத்தும் டிஜிட்டல்தான், ஆனா மேஜைல ஒரு கை தூரத்துல இருக்கிற ஸ்பீக்கருக்கு அது கடைசி சாய்ஸா இருக்கணும்னு உறுதியா சொல்லுவேன். பாட்டை சுருக்கித்தான் அனுப்பும், சவுண்டு 100, 200 மில்லிசெகண்ட் தாமதமா வர்றது சகஜம். வீடியோ பிளேயருங்க படத்தை அதுக்கேத்த மாதிரி தள்ளி வச்சு சமாளிச்சுடும், கேம்ல துப்பாக்கி சத்தமோ கீபோர்டுல வாசிக்கிற ஸ்வரமோ அப்படி சமாளிக்க முடியாது. அனலாக்ல தாமதமே கிடையாது, யூஎஸ்பில சில மில்லிசெகண்ட்தான்.

அடுத்தது வால்யூம், இதை சரியா வைக்காம கனெக்ஷனை குறை சொல்றவங்க அதிகம். அனலாக் போட்டிருந்தா கம்ப்யூட்டர் வால்யூமை கிட்டத்தட்ட முழுசா வச்சுட்டு ஸ்பீக்கரோட திருகுல குறைச்சுக்குங்க. வழில ஒட்டுற இரைச்சலோட அளவு மாறாது, சிக்னல் பெருசா போனா அதுக்கு முன்னாடி இரைச்சல் சின்னதா தெரியும். கம்ப்யூட்டர்ல 20ல வச்சுட்டு ஸ்பீக்கரை முழுசா திருகினா இரைச்சலையும் சேர்த்துப் பெருசாக்குறீங்க. முழு வால்யூம்ல சவுண்டு கிழியுற மாதிரி இருந்தா மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் இறக்குங்க. டிஜிட்டல்ல கம்ப்யூட்டர் பக்கம் குறைச்சா ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் (டெசிபல்னா சத்தத்தை அளக்கிற அளவு) ஒரு பிட் போகும், இதைச் சொல்லி பயமுறுத்துவாங்க, 16 பிட்ல ரொம்ப ரொம்ப குறைச்சா அதுல கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனா செட்டிங்ஸ்ல 24 பிட்னு மாத்தி வச்சுட்டா 30 டெசிபல் குறைச்சாலும் இன்னும் 19 பிட் மிச்சம் இருக்கு, சிடியே 16தான்.

சரி, உங்க கிட்ட ரெண்டு வழியும் இருக்கு, எதை வைக்கிறது. பாட்டே போடாம பாருங்க. ஸ்பீக்கர் திருகை நீங்க வழக்கமா கேக்குற அளவுக்கு மேல கொஞ்சம் ஏத்திட்டு காதை ட்வீட்டர் பக்கத்துல வச்சு மவுஸை ஆட்டுங்க, பேஜை ஸ்க்ரோல் பண்ணுங்க, ஒரு கேமை சத்தமில்லாம ஓட விடுங்க. லேப்டாப்னா சார்ஜரை சொருகியும் கழட்டியும் பாருங்க, பேட்டரில அமைதியா இருந்து சார்ஜர் போட்டதும் கத்தினா அது கிரவுண்ட் பிரச்சினை. ரெண்டு கனெக்ஷனையும் இதே மாதிரி பார்த்தா எது அமைதியோ அது உங்களுக்கு சரி. அதுக்கப்புறம் பாட்டு போட்டு ஒப்பிடுறதா இருந்தா ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு கொண்டு வந்துட்டு ஒப்பிடுங்க, ஒரு டெசிபல் சத்தம் கூடினதுகூட நமக்கு "தெளிவா இருக்கு"ன்னுதான் தோணும், டிஏசி சண்டைல பாதி இந்த ஒரு டெசிபலால வர்றது. ஸ்லீப் ஆகி எழுந்திருக்கிற பழக்கத்தையும் கவனிங்க, சில யூஎஸ்பி, ஆப்டிக்கல் ஸ்பீக்கருங்க கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு திரும்ப ஆரம்பிக்கும்போது முதல் அரை செகண்டை முழுங்கிடும், நோட்டிஃபிகேஷன் சத்தத்தோட தலை காணாம போகும், நாள் முழுக்க மேஜைல உக்காந்து வேலை செய்றவங்களுக்கு இது பெரிய எரிச்சல்.

இரைச்சல் இல்லாத டெஸ்க்டாப், பின்பக்க ஜாக், சாதாரண ஆக்டிவ் ஸ்பீக்கர், இதான் உங்க நிலைமைன்னா அனலாக்லயே இருங்க, எதுவும் வாங்க வேண்டாம். அனலாக் ஸ்பீக்கர், ஆனா கம்ப்யூட்டர்லேருந்து குப்பை கசியுதுன்னா சின்னதா ஒரு வெளி டிஏசி போதும், டைப் சி முனை போட்ட டாங்கிள்கூட (உள்ள டிஏசி இருக்கிற குட்டி அடாப்டர்) பல சமயம் மதர்போர்டை விட சுத்தமா இருக்கும், மாத்துற இடத்தை கேபினட்டுக்கு வெளிய கொண்டு வந்துட்டீங்க, அவ்ளோதான் விஷயம். டிஎஸ்பி ஸ்பீக்கர்னா யூஎஸ்பி, அதுலயும் ஹம் வந்தா ஆப்டிக்கல்.

இன்னும் வாங்கலை, தேடிட்டு இருக்கீங்கன்னா ஒரு விஷயத்துல பிடிவாதமா இருங்க, எத்தனை டிஜிட்டல் ஓட்டை இருந்தாலும் ஒரு அனலாக் இன்புட்டாவது இருக்கிற ஸ்பீக்கரா பாருங்க. அந்த 6.35 மில்லிமீட்டர் பின் 19ஆம் நூற்றாண்டுல டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஒயர் மாத்தி மாத்தி சொருக வந்தது, 3.5 அதோட சின்ன தம்பி, இன்னைக்கு வரைக்கும் ஓடுது. ஸ்பீக்கரோட ஆப்புக்கு அப்டேட் நின்னு போகலாம், உள்ள இருக்கிற புளூடூத் பழசாகலாம், யூஎஸ்பி சிப்பு ஒருநாள் செத்துப்போகலாம். வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் அப்பவும் நல்லாவே இருக்கும், அனலாக் இன்புட் இருந்தா அன்னைக்கு கைல கிடைக்கிற ஏதோ ஒரு டிஏசிய மாட்டி அதே ஸ்பீக்கர்ல தொடர்ந்து பாட்டு கேக்கலாம்.